நீலக்கண் பூனைக்குட்டி



பூனை குட்டி போட்ட வீட்டில் வாழ்ந்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். குட்டிகள் பிறக்கும்போது கண் மூடியே இருக்கும். 7-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் இடையில், ஒரு குட்டிக்கு முன்னதாகவும் மற்றொன்றுக்குப் பின்னதாகவும், இமைகள் மெல்லப் பிரியும். தாய் கறுப்பாயினும் சாம்பல் நிறமாயினும் வரிப்பூனையாயினும் சரி, பிரிந்த இமைகளுக்குள் தெரிவது ஒரே நிறந்தான். புகை படிந்தாற்போன்ற மங்கலான நீலம். ஆறேழு வாரம் வரையில் அந்த நீலம் நிற்கும். பிறகு மஞ்சளோ பச்சையோ பழுப்போ சிறிது சிறிதாகப் படரத் தொடங்கும். மூன்று நான்கு மாதங்களில் நீலம் போன இடம் தெரியாது. நம் ஊர்களில் வெளிறிய கண் உடையவரைப் 'பூனைக்கண்' என்கிறோமே, அந்தப் பூனைக்கண் பூனைக்கே பிறவியில் வாய்த்ததன்று. பின்னர் வந்து சேர்ந்தது.

இது பொது விதி. விதிக்கு அடங்காத குட்டிகளும் உண்டு. சிலவற்றுக்கு நீலம் மாறுவதே இல்லை. சிலவற்றுக்கு ஒரு கண் மட்டும் மாறி, மற்றொன்று நீலமாகவே நின்றுவிடும். இன்னும் விந்தையான செய்தி ஒன்றைப் பாரிஸ் நகரத்துக் கண் மருத்துவர் ஒருவர் 1847-ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். காது கேளாத நீலக்கண் குட்டி ஒன்றைப் பற்றியது அது. நான்கு மாத முடிவில் அதன் கண் கருக்கத் தொடங்கியதாம். அப்போதுதான் அந்தக் குட்டிக்குக் காதும் முதன்முதலாகக் கேட்கத் தொடங்கியதாம்!

கண்ணின் நிறம் மாறினால் காது கேட்குமா? கேலியாகத் தோன்றும் இந்தக் கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேல் அறிஞர் பலரை அலைக்கழித்திருக்கிறது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிறந்த குழந்தையின் கண் நிறம் மாறுவதை முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் தலைசிறந்தவர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், விலங்குகளின் பிறப்பைப் பற்றிய தம் நூலின் ஐந்தாம் பகுதியில் இதைப் பேசுகிறார். மனிதக் குழந்தைகளின் கண்கள் பிறந்தவுடன் வெளிர்நீலமாக இருந்து, பின்னரே தமக்குரிய நிறத்தை அடைகின்றன என்கிறார். காரணமும் கூறுகிறார். கண்ணில் உள்ள நீரின் அளவே காரணமாம். கடல், ஆழமில்லாத இடத்தில் வெளிறியும் ஆழமான இடத்தில் கருநீலமாகவும் தோன்றுவதுபோல, நீர் குறைந்த கண் வெளிறியும் நீர் மிகுந்த கண் கறுத்தும் தோன்றும் என்பது அவர் கொள்கை. காரணம் பிழை, ஆயினும் அழகான பிழை. இதற்கு அடுத்தாற்போல் அவர் சொல்வதுதான் நம்மை வியக்க வைக்கிறது. மற்ற விலங்குகளில் இத்தகைய மாற்றம் வெளிப்படையாக நிகழ்வதில்லை என்று எழுதிவிட்டார்! கோழி முட்டையை நாள்தோறும் உடைத்துக் கருவின் வளர்ச்சியைப் பார்த்த மனிதர், ஒரு பூனைக்குட்டியை இரண்டு மாதம் மடியில் வைத்துப் பார்க்கவில்லை போலும்.

பிற்காலத்தவர் பூனையின் கண்ணைப் பாராமல் இல்லை. ஆனால் பார்த்ததைவிடக் கற்பித்தது மிகுதி. கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்த புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர், எகிப்தியரின் வழிபாட்டைப் பற்றி எழுதுகையில், பூனையின் கண்மணி பௌர்ணமியில் விரிந்து, தேய்பிறையில் சுருங்குவதாகச் சொல்கிறார். திங்களுக்கும் பூனைக்கும் உறவு கற்பித்த மக்களின் நம்பிக்கை அது. இதை இத்துடன் விட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம்.

அக்காலத்து இங்கிலாந்தில் கிராமப் பாதிரிமார் பலருக்கு இயற்கை ஆராய்ச்சி ஒரு பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்தால், மற்ற நாட்களில் வண்டு, பறவை, செடி, பூனை. அத்தகைய பாதிரியார் ஒருவர் பிரீ என்பவர். அவரிடம் வெள்ளைப் பாரசீகப் பூனை ஒன்று இருந்தது. கண்கள் நீலம், காது கேளாது. அதன் குட்டிகளைப் பற்றி அவர் 1829-ஆம் ஆண்டில் ஒரு செய்தி வெளியிட்டார். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில், தாயைப்போல் முழு வெள்ளையும் நீலக்கண்ணும் கொண்டவை தவறாமல் செவிடாயின. உடம்பில் எள்ளளவேனும் வேறு நிறம் கலந்தவை தவறாமல் காது கேட்டன. இதுவே அந்தச் செய்தி.

வில்லியம் டார்வின் ஃபாக்ஸ் என்ற மற்றொரு பாதிரியாரும் இவ்வாறே பத்துப் பன்னிரண்டு பூனைகளுக்கு மேல் கண்டிருந்தார். இவர் யாரெனில், சார்லஸ் டார்வினுக்கு உறவினர். கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த இளம் டார்வினுக்கு வண்டு பிடிக்கும் பைத்தியத்தைத் தொற்றவைத்தவர். ஃபாக்ஸ் தாம் கண்டதோடு வேறு இரண்டு குறிப்புகளும் டார்வினுக்கு எழுதினார். ஒரு கண் மட்டும் நீலமாக இருந்தால் அந்தப் பூனைக்குக் காது கேட்கும் என்பது ஒன்று. சாதாரணக் கண் நிறமுடைய வெள்ளைப் பூனை செவிடாக இருந்ததைத் தாம் கண்டதே இல்லை என்பது மற்றொன்று.

டார்வினுக்குப் பூனையின் கண்ணில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். உயிர்களின் உடலில் ஓர் உறுப்பு மாறும்போது, அதனோடு தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும் வேறோர் உறுப்பும் சேர்ந்து மாறுவதுண்டு என அவர் கண்டிருந்தார். இயற்கைத் தேர்வு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றொன்றும் அதன் பின்னால் இழுபட்டு வரக்கூடும். எனவே அவருக்கு இது முக்கியமான செய்தி. உடம்பின் மயிர், விழியின் நிறம், செவியின் புலன் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டுண்டவைபோல இருந்தால், அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு எது? ஆகவே 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலின் முதல் பதிப்பிலேயே, நீலக்கண் பூனைகள் மாறாமல் செவிடாகவே இருக்கும் என்று எழுதிவிட்டார்.

'மாறாமல்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். விஞ்ஞானத்தில் அதைவிட ஆபத்தான சொல் அரிது. நூறு பூனைகள் அதற்குச் சான்று சொல்லலாம். காது கேட்கும் நீலக்கண் பூனை ஒன்று எதிரே வந்து நின்றால் போதும். மேலும், அந்த வாக்கியத்தில் 'வெள்ளை' என்ற சொல்லே இல்லை. சயாம் நாட்டில், அதாவது இன்றைய தாய்லாந்தில், முகமும் காதும் வாலும் மட்டும் கருத்து, கண் கடைசிவரை நீலமாகவே இருக்கும் பூனை இனம் ஒன்று நெடுங்காலமாக வாழ்ந்துவந்தது. அவற்றுக்கு நன்றாகவே காது கேட்கும். 1871-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியில் சயாம் பூனைகளை ஆங்கிலேயர் கண்டனர். 1859-ஆம் ஆண்டின் வாக்கியம் மாறாமல் நின்றிருந்தால், அவற்றைக் கண்ட எந்தச் சிறுவனும் டார்வினை மறுத்திருப்பான்.

ஆனால் டார்வின் அதற்குள்ளாகவே தம் வாக்கியத்தைத் திருத்தியிருந்தார். வளர்ப்புப் பிராணிகள், பயிர்கள் ஆகியவற்றின் மாறுபாடுகளைப் பற்றி 1868-இல் அவர் வெளியிட்ட பெருநூலில், இவ்விதி விலக்கில்லாதது என்று தாம் முன்பு எண்ணியதாகவும், நம்பத்தகுந்த சில விலக்குகள் பின்னர்த் தம் காதுக்கு எட்டியதாகவும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். 'தோற்றம்' நூலின் 1872-ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பைப் புரட்டினால், முழு வெள்ளையாகவும் நீலக்கண்ணோடும் உள்ள பூனைகள் 'பொதுவாக' செவிடாயிருக்கும் என்ற வாசகத்தைக் காணலாம். இது ஆண் பூனைகளுக்கே உரியது என டெயிட் என்பவர் கூறுவதாகவும் அங்கே சேர்த்திருக்கிறார். பர்மிங்காமில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராயிருந்த டெயிட்டின் அந்தக் கூற்றும் பின்னாளில் நிற்கவில்லை. பெண் பூனைகளும் செவிடாவது உண்டு.

பாரிஸ் மருத்துவருக்கு இப்போது வருவோம். அவர் பெயர் சீஷெல். 1802-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்து, பாரிஸில் குடியேறி, 1832-இல் அங்கே கண் நோய்க்கென மருத்துவ நிலையம் தொடங்கியவர். பூச்சிகளை ஆராய்வதிலும் வல்லவர். இருபது ஆண்டுகளாக நீலக்கண் வெள்ளைப் பூனைகளைக் கவனித்து வந்த அவர் எழுதிய நான்கு மாதக் குட்டியின் கதையை, டார்வின் தம் 1868-ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்டார். எடுத்தாண்டதோடு நில்லாமல் தாமே பூனைக்குட்டிகளைச் சோதிக்கவும் செய்தார்.

அந்தக் காட்சியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். உலகம் போற்றும் அறிஞர், கணப்படுப்பைக் கிளறும் இரும்புக் கோலையும் கரி அள்ளும் தட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, கண் திறவாத குட்டிகளின் தலைமாட்டில் நின்று, அவை உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும், கணகணவென்று பெருஞ்சத்தம் எழுப்புகிறார். குட்டிகள் அசையவில்லை. பிறந்து ஒன்பது நாள்வரை அவை முற்றிலும் செவிடுபோல் இருப்பதாக முடிவு செய்கிறார். இந்தச் சோதனையைச் செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: குட்டியின் காதருகே வாயால் கத்திச் சோதிக்கக் கூடாதாம். உறக்கத்திலும் மூச்சுக்காற்று பட்டால் அது விழித்துக்கொள்ளுமாம். ஒலியைக் கேட்டு விழித்ததா, காற்றை உணர்ந்து விழித்ததா என்று எப்படிப் பிரித்தறிவது? அந்த எச்சரிக்கையைச் சீஷெலின் குட்டிக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம் சோதனையிலிருந்து டார்வின் ஓர் ஊகம் செய்தார். கண் மூடியிருக்கும் பருவத்தில் எல்லாக் குட்டிகளுக்கும் விழி நீலம், செவி மந்தம். வளர்ச்சி அந்தக் கட்டத்திலேயே தடைப்பட்டு நின்றால், விழி என்றும் நீலமாகவும் செவி என்றும் மந்தமாகவும் இருந்துவிடும் அல்லவா? அருமையான விளக்கம். வேறொருவராயிருந்தால் அங்கேயே பேனாவை வைத்திருப்பார். டார்வினோ தம் விளக்கத்தைத் தாமே மறித்துக் கேள்வி கேட்கிறார். மயிரின் வெண்மை குட்டி பிறப்பதற்கு வெகு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. வெண்மைக்கும் நீலத்துக்கும் உறவு இருப்பது வெளிப்படை. எனவே மூலகாரணம் ஒன்று இன்னும் முந்திய காலத்தில், கருவிலேயே, செயற்பட்டிருக்க வேண்டும் என்கிறார். அது என்ன என்று அவரால் சொல்ல இயலவில்லை. அதை அறிவதற்கான கருவிகள் அன்று இல்லை.

நீலம் என்பதே முதலில் என்ன? பூனையின் கண்ணில் நீலச் சாயம் ஒரு துளியும் கிடையாது. கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தின் பின்புறத்தில் கருநிறமுள்ள ஒரு மெல்லிய படலம் பிறக்கும்போதே இருக்கிறது. அதன் முன்னே உள்ள திசு குட்டிப் பருவத்தில் நிறமற்றது. அதில் புகும் ஒளியில் நீலப் பகுதி அதிகமாகச் சிதறி வெளியே திரும்புகிறது. மற்ற நிறங்கள் பெரும்பாலும் உள்ளே சென்று கருமையில் மறைகின்றன. நுண்ணிய பொருள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதை 1869-இல் டிண்டல் சோதனையால் காட்டினார். அதன் கணிதத்தை 1871-இல் ராலே வகுத்தார். அரிஸ்டாட்டில் கண்ணையும் கடலையும் ஒப்பிட்டாரே, அந்த மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கப்பலிலிருந்து கண்டு, கடல் நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று 1921-இல் எழுதியவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி. வி. ராமன். கண்ணையும் கடலையும் அரிஸ்டாட்டில் சேர்த்துப் பேசியது வீண்போகவில்லை. நீரின் அளவைத்தான் அவர் தவறாகக் காரணமாக்கினார்.

குட்டி வளர வளர, வண்ண வளையத்தின் முன்திசுவில் உள்ள சில உயிரணுக்கள் மெலனின் என்னும் கருநிறப் பொருளை உண்டாக்குகின்றன. மெலனின் கொஞ்சமானால் பச்சை. மிகுந்தால் மஞ்சள், செம்பு நிறம். இந்த உயிரணுக்கள் கண்ணிலேயே தோன்றியவை அல்ல. கருவில் முதுகுத் தண்டு உருவாகும் இடத்தின் ஓரத்தில் தோன்றி, நெடுந்தூரம் நகர்ந்து வந்து குடியேறியவை. அவற்றில் ஒரு கூட்டம் தோலுக்குச் சென்று மயிருக்கு நிறம் தருகிறது. ஒரு கூட்டம் கண்ணுக்குச் செல்கிறது. இன்னொரு கூட்டம் யாரும் எதிர்பாராத ஓரிடத்துக்கு, உட்செவியின் நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள் செல்கிறது. அங்கே நிறத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? வேலை நிறத்துக்கு அன்று, அந்த உயிரணுக்களுக்கு. உட்செவியில் நிரம்பியுள்ள நீர்மத்தின் உப்பையும் மின்னழுத்தத்தையும் உரிய நிலையில் வைத்திருப்பவை அவையே. அவை வந்து சேராவிட்டால் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் அழிந்துபோகின்றன.

டார்வின் தேடிய மூலகாரணம் இதுவே. பயணம் தடைப்பட்டால் தோலும் வெளுக்கும், கண்ணும் நீலமாகும், காதும் கெடும். மூன்றும் ஒரே கயிறுதான். சயாம் பூனைக்குக் காது கேட்பதன் காரணமும் இப்போது விளங்கும். அதில் உயிரணுக்கள் உரிய இடங்களுக்கெல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன. நிறத்தை உண்டாக்கும் நொதி மட்டும் உடல் வெப்பத்தில் சரிவர வேலை செய்வதில்லை. குளிர்ந்த காது நுனியிலும் வாலிலும் மட்டும் கருமை தோன்றுகிறது. செவிக்கு வேண்டியது அணுவே அன்றி அதன் நிறம் அன்று.

கருவில் தோன்றும் இந்தக் காரணம் எவ்வளவு உறுதியானது என்பது பிற்காலத்தில் தெளிந்தது. 1965-இல் லண்டனில் போஷர், ஹால்பைக் என்னும் இருவர், செவிட்டு வெள்ளைப் பூனைகளின் உட்செவியை நாள்வாரியாக நுண்ணோக்கியில் ஆராய்ந்து வெளியிட்டனர். பிறக்கும்போது உட்செவி செவ்வையாகவே இருக்கிறது. முதல் வாரத்தை ஒட்டிச் சிதையத் தொடங்குகிறது. வளர்ச்சி தடைப்பட்டு நிற்பதன்று, வளர்ந்தது கெடுவது. டார்வினின் முதல் ஊகம் இங்கே தவறியது. இரண்டாவது ஐயம் வென்றது. அந்த வெண்மைக்குக் காரணமான மரபணு மாற்றம் 'கிட்' என்னும் மரபணுவில் இருப்பதை 2014-இல் கண்டறிந்தனர். பண்டைக்காலத்தில் பூனை இனத்தின் மரபுப் பொருளில் புகுந்த ஒரு வைரஸின் எச்சம் அங்கே செருகிக் கிடக்கிறது.

இன்றைய கணக்குகள் ஃபாக்ஸ் பாதிரியாரின் குறிப்புகளையும் திருத்துகின்றன. இரு கண்களும் நீலமான வெள்ளைப் பூனைகளில் ஏறத்தாழ 65 முதல் 85 விழுக்காடு செவிடு. ஒரு கண் மட்டும் நீலமானால் சுமார் 40 விழுக்காடு. அவற்றிலும் சில, நீலக்கண் உள்ள பக்கத்துக் காதை மட்டும் இழந்தவை. ஒரு காது கேட்கும் பூனை ஃபாக்ஸை எளிதில் ஏமாற்றியிருக்கும். நீலமே இல்லாத வெள்ளைப் பூனைகளிலும் 17 முதல் 22 விழுக்காடு செவிடு உண்டு.

அப்படியானால் சீஷெலின் குட்டி? பாலூட்டிகளின் உட்செவியில் அழிந்த நுண்மயிர் அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. எனவே, கண் கருத்ததும் கெட்ட காது திறந்தது என்பதை நான் ஏற்கவில்லை. எனக்குத் தோன்றுவது இது: வெள்ளைக் குட்டியானாலும், பின்னால் மஞ்சள் கண் பெறப்போகும் குட்டியும் முதலில் நீலக்கண்ணோடுதான் இருக்கும். நீலம் இரண்டு வகை. ஒன்று எல்லாக் குட்டிக்கும் உரிய குழந்தைப் பருவத்து நீலம். மற்றொன்று அணுக்கள் வராததால் நிலைத்துவிட்ட நீலம். சிறு குட்டியில் இவ்விரண்டையும் பார்த்துப் பிரிக்க முடியாது. சீஷெல் கண்டது முதல் வகையாயிருக்கலாம். குட்டிக்குத் தொடக்கத்திலிருந்தே ஓரளவேனும் காது கேட்டிருக்கலாம். நீலக்கண் வெள்ளைக் குட்டி செவிடாகவே இருக்கும் என்று இருபது ஆண்டுப் பழக்கம் அவர் மனத்தில் எழுதிவைத்திருந்தது. விளையாட்டில் மூழ்கிய குட்டி கூப்பிட்டால் திரும்பாது என்பதைப் பூனை வளர்ப்பவர் அறிவர். டார்வின் தந்த எச்சரிக்கை இவ்விடத்தில் பொருந்தும். இப்போதெல்லாம் ஆறு வாரக் குட்டியின் தலையில் சிறு மின்முனைகளைப் பொருத்தி, ஒலி எழும்போது மூளைக்குச் செல்லும் நரம்பில் மின் அசைவு உண்டாகிறதா என்று அளந்து விடுகிறார்கள்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் பூனையோடு நின்றுவிடவில்லை. வார்டன்பர்க் என்னும் டச்சுக் கண் மருத்துவர், வெளிறிய நீலக்கண்ணும் நெற்றியில் ஒரு வெள்ளை மயிர்க்கற்றையும் காது கேளாமையும் சேர்ந்து சில குடும்பங்களில் வருவதை 1951-இல் விரித்து எழுதினார். அங்கும் பயணம் தடைப்பட்டது அதே உயிரணுக்கள்தாம். பிறவியிலேயே காது கேளாத வெள்ளைப் பூனைகளின் உட்செவியில் சிறு மின்கருவியைப் பொருத்தி, ஒலியை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்கு அனுப்பும் சோதனையைக் கிளிங்கே, கிரால் முதலியோர் நடத்தி 1999-இல் வெளியிட்டனர். கிளிங்கேயின் ஆராய்ச்சிக்கூடம் இருந்த ஊர், சீஷெல் பிறந்த பிராங்க்ஃபர்ட். சில மாதப் பயிற்சியில் அந்தக் குட்டிகள் ஒலிக்கு ஏற்ப நடக்கக் கற்றன; அவற்றின் மூளையில் கேட்கும் பகுதி, கேட்கும் பூனையினுடையதைப்போல இயங்கத் தொடங்கியது. கருவியை எவ்வளவு இளமையில் பொருத்துகிறோமோ அவ்வளவுக்கு மூளை நன்கு பழகுகிறது என்பதும், காலம் தாழ்த்தினால் அத்திறன் குன்றுகிறது என்பதும் தொடர்ந்த சோதனைகளில் தெரிந்தன.

பிறவியில் காது கேளாத குழந்தைகளுக்கு ஓராண்டு நிறைவதற்குள்ளேயே இத்தகைய கருவியைப் பொருத்துவது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகச் சிறு குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது.